புரோட்டானா, ஐஎம்ஆர்டியா: கூடுதல் 20 லட்சம் எதை வாங்குகிறது?

நாக்கிலோ கன்னத்திலோ தொண்டையிலோ புற்றுநோய் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்து, "கரண்ட் வைக்கணும்" என்று டாக்டர் சொன்ன அன்று இரவே குடும்பத்தில் யாராவது செல்போனில் தேடிவிடுகிறார்கள். "மெட்ராஸ்லயே புரோட்டான் மெஷின் இருக்காம், பக்கவிளைவே வராதாம்." மெஷின் இருப்பது உண்மை. தரமணியில் அப்போலோவின் புரோட்டான் மையம் 2019 ஜனவரியில் திறந்தது. தெற்காசியாவில் அதுதான் முதல். நவி மும்பை கார்கரில் டாட்டா மெமோரியலின் மையம் 2023இல் நோயாளிகளை எடுக்கத் தொடங்கியது. பக்கவிளைவே வராது என்பதுதான் பொய்.

அடுத்து வருவது விலை. தனியார் மருத்துவமனையில் இன்று வழக்கமாகக் கொடுக்கும் எக்ஸ்ரே கதிர்சிகிச்சையான ஐஎம்ஆர்டிக்கு 2 முதல் 4 லட்சம் ரூபாய் ஆகிறது. புரோட்டானுக்கு 20 லட்சத்துக்கு மேல், சிலருக்கு 30ஐத் தொடும். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் இது மாறும். கணக்குக்காக வித்தியாசத்தை 20 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். நான் கதிர்சிகிச்சையில் பிளான் போடும் பக்கம் வேலை பார்ப்பவன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊரில் வரும் வாய், நாக்கு, கன்னப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த 20 லட்சம் புரோட்டானில் செலவாக வேண்டியதில்லை. சிலருக்குக் கட்டாயம் செலவழிக்கலாம். நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு அவரவர் ஸ்கேனை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

இரண்டு கதிருக்கும் உள்ள வித்தியாசம் சுருக்கமாக இது. ஐஎம்ஆர்டி என்பது எக்ஸ்ரே கதிர். பல கோணங்களிலிருந்து, செறிவைக் கூட்டிக் குறைத்து, கட்டியின் வடிவத்துக்கு வளைத்துக் கொடுப்பது. பில்லில் விமேட், ரேபிட்ஆர்க் என்று எழுதியிருந்தாலும் இந்தக் குடும்பம்தான். எக்ஸ்ரே கட்டியோடு நிற்காது, உடம்பைத் துளைத்து மறுபக்கம் வெளியேறும். வழியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியும், நாக்கும், விழுங்கும் தசையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். புரோட்டான் அப்படியில்லை. குறிப்பிட்ட ஆழத்தில் தன் சக்தியில் பெரும்பகுதியை இறக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும். இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ராபர்ட் வில்சன் 1946இலேயே எழுதினார். 1954இல் பெர்க்லியில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்து யாரும் மயங்க வேண்டாம். புதிதாக வந்திருப்பது, மெல்லிய கற்றையால் புள்ளி புள்ளியாக வரையும் நுட்பம்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே டோஸில் புரோட்டான் கட்டியைக் கொல்லும் திறன் எக்ஸ்ரேயைவிட 10 சதவீதம்தான் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறோம், அதையும் டோஸைக் குறைத்துச் சமன் செய்துவிடுகிறோம். ஆக, புரோட்டான் கொடுத்தால் கட்டி கூடுதலாகக் கரையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காசு கொடுத்து வாங்குவது, பக்கத்தில் இருப்பவை தப்பிப்பதைத்தான்.

தப்பிப்பது என்றால் என்ன? பிளான் போடும் திரையில் அதைப் பார்க்கலாம். நாக்கில் ஆபரேஷன் முடிந்து, கழுத்தின் இரண்டு பக்கமும் 60 கிரே (கிரே என்பது கதிர் டோஸின் அலகு) கொடுக்க வேண்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். காதுக்குக் கீழே இருக்கும் பரோட்டிட் சுரப்பிக்குச் சராசரியாக 26 கிரேக்குள் நிறுத்திவிட்டால் உமிழ்நீர் ஓரளவு மீளும் என்பது எங்கள் பழைய அளவுகோல். ஐஎம்ஆர்டி பிளானில் அந்தச் சுரப்பிக்கு 24 வருகிறது, புரோட்டான் பிளானில் 19 வருகிறது என்று வையுங்கள். திரையில் நீலமும் பச்சையும் பார்க்க அழகாக இருக்கும். நோயாளி வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிடும்போது அந்த 5 கிரே தெரியாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. அதே இடத்தில், ஒரு பக்க டான்சில் கட்டி உள்ளவரின் பிளானை விரித்தால் முன்வாயும் எதிர்ப்பக்கக் கன்னமும் புரோட்டானில் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். அது வாயில் தெரியும் வித்தியாசம். ருசி அவ்வளவாகப் போகாது, புண் முழு வாயையும் பிடிக்காது.

புரோட்டானின் போட்டி பழைய கோபால்ட் மெஷினோடு அல்ல. நல்ல ஐஎம்ஆர்டியோடு. விளம்பரங்களில் இதைத்தான் மறைக்கிறார்கள். பழைய முறையிலிருந்து ஐஎம்ஆர்டிக்கு மாறியதில்தான் பெரிய தாவல் நடந்தது. பிரிட்டனில் நடந்த பார்ஸ்போர்ட் ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துத் தொந்தரவு தரும் அளவுக்கு வாய் வறண்டவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், ஐஎம்ஆர்டியில் 38 சதவீதம். அடுத்து வந்த டார்ஸ் ஆய்வில் புது மெஷின் எதுவும் வாங்கவில்லை. விழுங்கும் தசைகளை ஸ்கேனில் தனியாக வரைந்து, அதே ஐஎம்ஆர்டியில் அவற்றுக்கு டோஸைக் குறைத்தார்கள். ஓராண்டில் விழுங்குதலுக்கான மதிப்பெண் 100க்கு 71லிருந்து 78 ஆனது. இதற்குக் கூடுதலாகச் செலவானது டாக்டரும் இயற்பியலாளரும் இன்னும் சில மணி நேரம் உட்கார்ந்ததுதான். உங்கள் மருத்துவமனையில் விழுங்கும் தசையை வரைகிறார்களா என்று கேளுங்கள். வரையாத இடம் இன்னும் நிறைய இருக்கிறது.

சரி, புரோட்டானையும் ஐஎம்ஆர்டியையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பெரியவை இரண்டு. இரண்டும் தொண்டைப் பகுதிப் புற்றுநோயில் நடந்தவை, இரண்டும் எதிரெதிராகப் பேசுகின்றன.

அமெரிக்காவில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையின் தலைமையில் 440 பேரை வைத்து நடந்த ஆய்வில், நோய் கட்டுப்படுவதில் இரண்டும் சமம். உணவுக் குழாய் போட வேண்டி வந்தவர்கள் ஐஎம்ஆர்டியில் 40 சதவீத அளவில், புரோட்டானில் 30க்குக் கீழே. எதிர்பாராத வேறொன்றும் வந்தது: ஐந்து ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் ஐஎம்ஆர்டி பக்கம் சுமார் 81 சதவீதம், புரோட்டான் பக்கம் சுமார் 91. நோய் கட்டுப்பாட்டில் வித்தியாசம் இல்லாதபோது உயிர்வாழ்வில் மட்டும் எப்படி இவ்வளவு வந்தது? ரத்தத்தின் வெள்ளணுக்கள் தப்பித்ததாலா, உடல் எடை குறையாததாலா என்று விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆய்வின் முதன்மைக் கேள்வி அதுவல்ல என்பதால், நான் அதை முழுதாக நம்பவுமில்லை, தள்ளவுமில்லை.

பிரிட்டனின் டார்பிடோ ஆய்வு 205 பேரை வைத்து நடந்தது. ஓராண்டு முடிவில் வாழ்க்கைத் தரத்திலும் உணவுக் குழாயிலும் இரண்டு முறைக்கும் வித்தியாசமில்லை. ஓராண்டில் குழாயோடு இருந்தவர்கள் இரண்டு பக்கமும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். முரண்பாடு போலத் தெரிந்தாலும் பாதி விளக்கம் கேள்வியிலேயே இருக்கிறது. அமெரிக்கர்கள் எண்ணியது சிகிச்சைக் காலத்தில் போட்ட குழாயை; பிரிட்டிஷ்காரர்கள் எண்ணியது ஓராண்டுக்குப் பிறகும் மிஞ்சிய குழாயை. மீதி விளக்கம், பிரிட்டனில் ஐஎம்ஆர்டி போட்ட கைகள். ஆய்வுக்காகத் தரம் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். நல்ல ஐஎம்ஆர்டியை வெல்வது சுலபமில்லை.

இரண்டு ஆய்விலும் இருந்தவர்கள் யார் என்பது நமக்கு இன்னும் முக்கியம். பெரும்பாலும் எச்பிவி வைரஸால் வந்த தொண்டைப் புற்றுநோய். அது சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும், நோயாளி பல பத்தாண்டுகள் வாழ்வார், அதனால் பக்கவிளைவைக் குறைப்பதற்கு அங்கே மதிப்பு அதிகம். நம் ஊர் நோயாளி வேறு. புகையிலை, ஹான்ஸ், பாக்கு; கன்னத்திலோ நாக்கிலோ கட்டி; பாதிக்கு மேற்பட்டவர்கள் முற்றிய நிலையில் வருகிறார்கள்; முதலில் ஆபரேஷன், பிறகு கதிர். திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள், அதே இடத்திலோ கழுத்திலோ வருகிறது. அவருடைய முதல் எதிரி வாய் வறட்சி அல்ல, நோய் திரும்புவது.

இப்போது பணக் கணக்கு. மருத்துவப் பொருளாதாரத்தில் 'குவாலி' என்று ஓர் அலகு வைத்திருக்கிறார்கள். முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓராண்டு ஒரு குவாலி. வாய் வறண்டு, தண்ணீர் பாட்டிலோடு அலையும் ஓராண்டு அதைவிடக் கொஞ்சம் குறைவு. குழாய் வழியே கஞ்சி போகும் ஓராண்டு இன்னும் குறைவு. ஒரு குவாலியைக் கூடுதலாக வாங்க எவ்வளவு செலவு என்பதுதான் கேள்வி. பிரிட்டனில் வெகுகாலம் 20,000 முதல் 30,000 பவுண்டு வரை சரி என்றார்கள். இந்தியாவில் அரசுத் தொழில்நுட்ப மதிப்பீடுகள் தனிநபர் ஜிடிபியை ஒட்டிப் பார்க்கின்றன, அதாவது சுமார் 2 லட்சம் ரூபாய்.

எண்களை நானே மாதிரிக்குப் போடுகிறேன். 55 வயதுக்காரர். புரோட்டானால் கடுமையான விழுங்கல் பிரச்சினை வரும் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளி குறைகிறது. அந்தப் பிரச்சினை ஆண்டுக்கு 0.15 குவாலியைத் தின்னும். இன்னும் 10 ஆண்டு வாழ்வார். பெருக்கினால் 0.15 குவாலி. 20 லட்சத்தை அதால் வகுத்தால் ஒரு குவாலிக்கு 1 கோடியே 33 லட்சம். 2 லட்சம் எங்கே, 1.33 கோடி எங்கே.

25 வயதுப் பெண், மூக்கின் பின்புறம் கட்டி, கதிர் மூளையின் அடியை ஒட்டிப் போகிறது. 30 புள்ளி வித்தியாசம், ஆண்டுக்கு 0.2, 30 ஆண்டு. 1.8 குவாலி. ஒன்றின் விலை 11 லட்சம். அரசின் அளவுகோலில் இதுவும் தேறாது, ஆனால் வீடு, நகை இருக்கும் குடும்பம் யோசிக்கக்கூடிய தொகை. அரசு திட்டத்தில் சேர்க்கலாமா என்பதும், ஒரு தகப்பன் தன் மகளுக்காகக் கொடுக்கலாமா என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவதற்குப் பொருளாதார நிபுணர் பதில் சொல்ல முடியாது.

அமெரிக்க ஆய்வின் 10 புள்ளி உயிர்வாழ்வு வித்தியாசம் நிஜம் என்றும், நம் நோயாளிக்கும் பொருந்தும் என்றும் வைத்துக்கொண்டால் எல்லாம் தலைகீழாகும். அந்த 55 வயதுக்காரருக்கு 0.1ஐ அதே 10 ஆண்டால் பெருக்கினால் 1 குவாலி, அதற்கு 20 லட்சம். 1.33 கோடிக்கும் 20 லட்சத்துக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரே ஒரு எண்தான். புகையிலைப் புற்றுநோயில் அது உறுதியாகும்வரை நான் அதன்மேல் பணம் கட்டமாட்டேன்.

இந்தச் சிக்கலை அழகாகக் கையாண்டவர்கள் டச்சுக்காரர்கள். குரோனிங்கன், டெல்ஃப்ட், மாஸ்ட்ரிக்ட் என்று மூன்று இடத்தில் புரோட்டான் மையம் வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் கொடுப்பதில்லை, யாருக்குமே இல்லை என்பதுமில்லை. ஒரே நோயாளிக்கு இரண்டு பிளானும் போட்டு, ஒவ்வொன்றிலும் வாய் வறட்சியும் விழுங்கல் பிரச்சினையும் வரும் வாய்ப்பைச் சூத்திரத்தில் கணக்கிடுகிறார்கள். மிதமான, அதாவது இரண்டாம் நிலைப் பக்கவிளைவில் 10 புள்ளியோ, குழாய் போடும் அளவிலான மூன்றாம் நிலையில் 5 புள்ளியோ இறங்கினால் புரோட்டான், இல்லையென்றால் ஐஎம்ஆர்டி. குரோனிங்கனில் இந்தச் சல்லடையில் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். 2013இல் வந்த அவர்களுடைய பொருளாதார ஆய்வில், தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் ஒரு குவாலிக்கு சுமார் 60,000 யூரோ. அதிலிருந்து எல்லோருக்கும் என்று விரித்தால் கூடுதல் குவாலி ஒவ்வொன்றுக்கும் சுமார் 1,28,000 யூரோ. அங்கே உச்சவரம்பு 80,000. ஒரே மெஷின், யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து லாபமும் நட்டமும்.

யாருக்கு நான் புரோட்டானைச் சிபாரிசு செய்வேன்? குழந்தைகளுக்கு, தயங்காமல், வளரும் தாடை எலும்பு, கண், பிற்காலத்தில் இன்னொரு புற்றுநோய் வரும் அபாயம் எல்லாம் இருக்கிறது. மண்டை அடித்தளத்தில் வரும் கார்டோமா, காண்ட்ரோசார்கோமா என்ற கட்டிகள். கண்ணையும் பார்வை நரம்பையும் ஒட்டிய சைனஸ் கட்டி. ஏற்கெனவே ஒருமுறை முழு டோஸ் வாங்கிய கழுத்தில் நோய் திரும்பி, மறுபடி கதிர் கொடுக்க வேண்டியவர்; தண்டுவடம் இனி தாங்காது என்ற நிலையில் புரோட்டான்தான் கதவைத் திறக்கும். இளவயதில் மூக்கின் பின்புறப் புற்றுநோய். இவற்றோடு, எச்பிவி தொண்டைப் புற்றுநோய் உள்ள, வசதியுள்ள 50 வயதுக்காரருக்கு டச்சு முறையில் இரண்டு பிளானைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்வேன்.

புரோட்டானுக்குத் தனிக் குறைகளும் உண்டு, யாரும் விளம்பரத்தில் போடமாட்டார்கள். அது எங்கே நிற்கும் என்பதில் 3 சதவீதம் அளவுக்குச் சந்தேகம் வைத்துத்தான் பிளான் போடுகிறோம். நான்காம் வாரத்தில் நோயாளி 5 கிலோ இளைத்து, கழுத்து ஒல்லியாகி, முதல் நாள் வெந்நீரில் இளக்கி முகத்தில் ஒட்டி எடுத்த மாஸ்க் லொடலொடவென்று ஆடும். எக்ஸ்ரே அதை ஓரளவு மன்னிக்கும். புரோட்டான் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும். அதனால் அடிக்கடி சிடி எடுத்து மறுபிளான் போட வேண்டும். அந்தக் கட்டணம் பேக்கேஜில் அடக்கமா என்று முன்னாலேயே கேளுங்கள். பல்லில் உலோகக் கவசமோ, தாடையில் பிளேட்டோ இருந்தால் சிடியில் கோடு கோடாக விழும், கணக்கு குழம்பும். தோல் கருகுவது சில இடங்களில் ஐஎம்ஆர்டியைவிடக் கூடும்.

அந்த 20 லட்சத்தில் வேறு என்ன வாங்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் நோயாளிகள் இழப்பது பெரும்பாலும் மலிவான இடங்களில்தான். சிகிச்சை நடுவில் ஒரு நாள் விடுபட்டால் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் இறங்கும். தீபாவளி, பஸ் ஸ்ட்ரைக், வாய்ப்புண் தாங்காமல் "ஒரு வாரம் கழிச்சு வர்றேன்" என்று ஊருக்குப் போவது எல்லாம் சேர்ந்து 10 நாள் போனால், எந்த மெஷினும் அதை ஈடுகட்டாது. ஆறேழு வாரம் மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, கூட ஒருவர் இருந்து, சத்துமாவுக் கஞ்சியோ முட்டையோ தவறாமல் உள்ளே போனால் அதற்கு ஒரு லட்சம் போதும். கதிருக்கு முன்னால் சொத்தைப் பல்லை எடுப்பது, தினமும் விழுங்கும் பயிற்சி, வாய் திறக்கும் பயிற்சி, கதிரோடு கொடுக்கும் கீமோ மருந்தான சிஸ்பிளாட்டினின் டோஸ் தள்ளிப்போகாமல் ஏறுவது, எல்லாமே சில ஆயிரங்கள்.

குறைந்த செலவில் பெரிய மாற்றம் சாத்தியம் என்பதற்கு டாட்டா மெமோரியலே சாட்சி. குணமாக்க முடியாத நிலையில் இருந்த தலை-கழுத்து நோயாளிகளுக்கு, நிவோலுமாப் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம், மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டில் உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 ஆனார்கள். 2023இல் வெளியான ஆய்வு அது. ஒரு புரோட்டான் மையத்துக்குப் பல நூறு கோடி ஆகும். அந்தப் பணத்தில் மாவட்டத் தலைநகரங்களில் ஐஎம்ஆர்டி கொடுக்கும் லீனாக் மெஷின் எத்தனை வைக்கலாம் என்று யோசித்தால், அரசுத் தரப்பின் பதில் தெளிவாகவே இருக்கிறது. பத்து லட்சம் பேருக்கு ஒரு கதிர் மெஷினாவது வேண்டும் என்கிறார்கள், நாம் அதில் பாதியைத்தான் ஒட்டி நிற்கிறோம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அதில் ஐஎம்ஆர்டி அடங்கும். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டிலோ, மதுரை, கோவை, தஞ்சாவூர், நெல்லை அரசு மருத்துவமனைகளிலோ, திட்டத்தில் சேர்ந்த தனியாரிலோ எடுக்கலாம். புரோட்டான் பில்லுக்கு அந்த வரம்பு எட்டாது. தனியார் பாலிசி இருந்தால், புரோட்டானுக்கு உள்வரம்பு உண்டா என்று பார்த்து, ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். "அப்புறம் ரீஇம்பர்ஸ் ஆயிடும்" என்ற வாய்ச்சொல்லை நம்பி நகையை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

புரோட்டானை யோசிக்கிறீர்கள் என்றால் அந்த மையத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். என் ஸ்கேனுக்கு இரண்டு பிளானும் போட்டுக் காட்டுவீர்களா? வாய் வறட்சியும் விழுங்கல் பிரச்சினையும் வரும் வாய்ப்பு இரண்டிலும் எத்தனை சதவீதம்? நான் இளைத்தால் மறுபிளான் எத்தனை முறை, யார் செலவில்? இரண்டாம் கேள்விக்கு எண்ணாகப் பதில் வராவிட்டால், அங்கே 20 லட்சம் கேட்பதற்கான காரணம் இன்னும் சொல்லப்படவில்லை. இந்த விசாரணை எல்லாவற்றுக்கும் ஒரு கெடு உண்டு: ஆபரேஷன் முடிந்தவர் என்றால் ஆறு வாரத்துக்குள் கதிர் தொடங்கியாக வேண்டும். பணம் திரட்டவோ, புரோட்டானில் இடம் கிடைக்கவோ அதைத் தாண்டும் என்று தெரிந்தால், பக்கத்து ஊர் ஐஎம்ஆர்டியில் அடுத்த திங்கட்கிழமைக்குத் தேதி வாங்கிவிடுங்கள்.